மாப்பிள்ளைப் பீங்கான்

— பீங்கான இஞ்சால தள்ளுங்க மகன். சோறு ஆறுது.

— இண்டைக்கு ஏலா மாமா. உங்கட மகள் அப்னா கிளினிக்கில நிக்கிறா. உங்கட ரத்தம் சோதிச்ச ரிப்போட்ட டொக்டருக்குக் காட்டிட்டு போன் கோல் எடுக்கிறன் எண்டு சொன்ன. அந்தக் கோல் வரட்டும்.

— கோல் வாறத்துக்கும் என்ட வயித்துக்கும் என்ன சம்பந்தம்?

— சம்பந்தம் இல்லையா மாமா? நெஞ்சுக் குழாய்க்குள்ள கம்பி வெச்ச மனிசன் நீங்க. டொக்டர் உங்களுக்கு கஞ்சியும் கீரையும் எண்டு எழுதின. நீங்க என்னடா எண்டா, நான் கலியாணம் முடிச்சி இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து என்ட சோத்தத் திண்டுட்டு உங்கட கஞ்சிய எனக்குத் தள்ளுறீங்க. ரிப்போட் பிழச்சிட்டெண்டா மாமிக்கு நான் எந்த மூஞ்சக் காட்டுற?

— மெல்லக் கதைங்க. கதவுச் சீலைக்கு அங்காலதான் நிக்கிறா.

— மருமகன்.

— ஓம் மாமி.

— சோத்துக்கு ஊத்த ஆணம் காணுமா? இன்னும் கொஞ்சம் அனுப்பவா?

— காணும் மாமி. மிச்சம் நல்லா இரிக்கி.

— வெக்கப்படாமத் தின்னுங்க. இஞ்சாருங்க, நீங்க கஞ்சி குடிக்கிறீங்களா?

— கஞ்சி போய்க்கிட்டுத்தான் இரிக்கி முனவ்வறா.

— மிச்சம் வெக்காம முடிங்க. அடுப்பில வேலை கிடக்கு, நான் போறன்.

— மாமா, நீங்க பொய் சொல்லுறீங்க. கரண்டி என்ட கையில இரிக்கி.

— எங்க மகன் பொய்? கஞ்சி போகுதா இல்லையா? போகுது. ஆருட தொண்டையால போகுதெண்டு அவ கேக்கல்ல. நல்ல காலம், எங்கட ஊர்ல மாமியார் மாப்பிளைக்கு முன்னால வந்து நிண்டு சோறு போடுற வழக்கமில்ல. மாப்பிளையத் தனிய இருத்தவும் கூடா, மாமனார் பக்கத்தில இரிக்கணும். முன்னோர் சும்மாவா மகன் இப்பிடி ஒழுங்கு செஞ்சி வெச்சாங்க?

— முன்னோர் நீங்க களவு திங்கிறத்துக்கு ஒழுங்கு செய்யல்ல மாமா.

— கதய விடுங்க. களவா இது? முதல் கிழமைய நினச்சிப் பாருங்க. உங்களுக்கு நெய்ச்சோறும் மாடும் அஞ்சு முட்டையும். நீங்க பாதியில மூச்சு முட்டி, கண்ணால தண்ணி வர இருந்தீங்க. காப்பாத்தினது ஆரு?

— நீங்கதான். மிச்சம் வெச்சா சமையல் புடிக்கல்ல எண்டு மாமி ராத்தா தங்கச்சிமாருக்கெல்லாம் கோல் எடுத்து அழுவா எண்டு வெருட்டினதும் நீங்கதான்.

— வெருட்டல்ல. உண்மை அது. நான் மாப்பிளையா வந்த காலத்தில என்ட மாமி அழுதவ.

— நான் பாவம் பாத்து ஒரு துண்டு இறைச்சி தந்தன். அடுத்த நாள் ரெண்டு துண்டு. மறுகா பீங்கானே உங்கட பக்கம் போயிட்டு.

— அதுக்குச் சும்மா தந்தீங்களா? விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பொறவு என்னக் கடக்கரையால இழுத்துக்கிட்டுப் போய், பெரியநீலாவணையில தோணி இழுத்துப் போடுற இடம் வரைக்கும் நடக்க வெச்சித்தானே தாறீங்க. நடக்காட்டி பீங்கான் மாறாது எண்டு சட்டம் போட்ட ஆள் நீங்க. டொக்டர் கூட எனக்கு இப்பிடிச் சட்டம் போடல்ல.

— முதல் நாள் நீங்க நடந்த நடைய நான் மறக்கல்ல மாமா. அதாவுல்லா நானாட அப்பக்கடை வரைக்கும் நல்லா வந்தீங்க. மறுகா கடைக்கு முன்னால கிடந்த வாங்கில குந்திட்டீங்க. கடக்காத்து நெஞ்சுக்குக் கூடாதாம்.

— கூடாதுதான். புதுக் கம்பி.

— அண்டைக்குப் பகல் வெறுங் கஞ்சிய உங்கட கையில தந்தன். அடுத்த நாள் காலு தன்னால வந்திச்சி. இப்ப என்னடா எண்டா நீங்க முன்னால போறீங்க, நான் சாரனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு பின்னால ஓடி வாறன். தோணிக்காரங்க சிரிக்காங்க.

— நான் திங்கிற சாப்பாடு அப்பிடி. பெலம்.

— அதுதான் மாமா எனக்கு விளங்கல்ல. கஞ்சி குடிக்கிறது நான். என்ட களிசானுக்குப் பொத்தான் பூட்ட ஏலா. ஒபிஸில கேக்காங்க, மாமியார் ஊட்டுச் சோறு ஒத்துக்கிட்டு போல எண்டு. கஞ்சி குடிச்சிக் கொழுத்தன் எண்டு நான் ஆருக்கிட்ட சொல்லுற?

— அது பரக்கத்து மகன். அல்லாஹ் குடுக்கிறான்.

— ருசியும் அப்பிடித்தான் இரிக்கி. சம்மாந்துறையில எனக்குக் காய்ச்சல் வந்தா எங்கட உம்மாவும் கஞ்சி காய்ச்சித் தருவா. சுடுதண்ணிக்குள்ள நாலு சோறு மிதக்கும். இது அப்பிடி இல்ல. திரும்பக் கேக்கச் சொல்லுது.

— நான் முதல் குடிக்கக்குள்ள ஒரு ருசியும் இரிக்கல்ல. செவர்ல பூசலாம். ஆக்கி ஆக்கி அவளுக்குக் கை வந்திட்டு போல. சரி, ஒரு துண்டு எடுக்கவா?

— கை வெக்காதீங்க மாமா.

— ஒரே ஒரு துண்டு. கோல் வாறத்துக்குள்ள. ம்ம். இந்த மாடு எது தெரியுமா மகன்? உங்கட சம்மாந்துறை வயல் வட்டையில, வேளாண்மை வெட்டின பொறவு தாள் மேஞ்ச மாடு. நாக்கில வெச்சதும் சொல்லுவன். பஞ்சு போல இரிக்கி. ஒரு கொழுப்பில்ல, ஒரு எலும்பில்ல. இறைச்சிக்கட ஜெஸீம் எங்கட ஊட்டுக்கெண்டு பாத்து வெட்டுறான்.

— உங்களுக்கு அவ்வளவு தெரியுமா?

— வட்டையில பொறந்து வளந்த எனக்கு மாடு தெரியாதா? முட்டைதான் இப்ப காணல்ல. மாப்பிளைக்கு வெக்கிற முட்டைய உங்கட மாமி நிப்பாட்டிட்டா. சோத்திலயும் நெய் வாசம் குறைவு. புதுசில காட்டின கவனிப்பு இப்ப இல்ல.

— நான் கேக்கவா?

— அல்லாவே, கேட்டுராதீங்க. இரிக்கிறதும் போயிரும்.

— மாமா, நான் ஒண்டு கதைக்கவா? கோவிக்கப்படா.

— கதைங்க.

— எனக்கு வாப்பா இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும். அவர் மௌத்தாகக்குள்ள நான் பள்ளிக்கூடம் கூடப் போகல்ல. ஒரு ஆம்புள என்னக் கூட்டிக்கிட்டு கடக்கரையால நடந்தது இந்த ஊட்டுக்கு வந்துதான். நீங்க சளசள எண்டு கதைச்சிக்கிட்டு வாறதக் கேட்டுக்கிட்டு நடக்கிறது எனக்கு மிச்சம் விருப்பம். அந்த ஆள நானே சோறு குடுத்துக் கொன்னுபோட்டன் எண்டு வந்தா, என்னால தாங்க ஏலா.

— என்ன மகன் நீங்க. இப்பிடிக் கதைச்சா தொண்டையால இறங்குமா?

— இறங்க வேணாம் எண்டுதான் கதைக்கிறன்.

— கலியாணத்துக்கு முந்தி, வரம்பில நடக்கக்குள்ள நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தேனே, அப்ப நான் கேட்டது ஒண்டுதான். யா அல்லாஹ், அப்னாட கலியாணத்தக் கண்ணால காட்டு, மறுகா நீ விரும்பினதச் செய். கண்டுட்டன். அதுக்குப் பொறவு வந்ததெல்லாம் எனக்கு மேலதிகம். மேலதிகத்தக் கஞ்சி குடிச்சிக் கழிக்கச் சொல்லுறீங்களா?

— பேரப்புள்ளைக்கு நடக்கப் பழக்குறது ஆரு மாமா?

— என்ன சொன்னீங்க?

— சும்மா ஒரு கேள்வி. இன்னும் ஒண்டும் இல்ல. நாளைக்கு வந்தா எண்டு கேக்கன்.

— நாளைக்கு வந்தா நான்தான் பழக்குவன். வேற ஆரு? சரி. பீங்கான அங்கால எடுங்க. கோல் வரட்டும்.

— இந்தா வருது. அப்னாதான். பிஸ்மில்லா. ஹலோ. ஓம், சொல்லுங்க. ஓம். திரும்பிச் சொல்லுங்க. டொக்டர் சிரிச்சாரா? என்னத்துக்குச் சிரிச்ச? ம். ம். சரி, நான் சொல்லுறன். வெயிலுக்குள்ள நிக்காம வாங்க.

— என்னவாம்? மகன், என்னவாம்? வாயத் துறங்க.

— கொலஸ்ட்ரோல் நல்லா இறங்கிட்டாம் மாமா. ரத்தத்தில சீனியும் நல்லமாம். உங்கட வாப்பா மாதிரிக் கட்டுப்பாடா திங்கிற நோயாளிய நான் இன்னும் காணல்ல எண்டு டொக்டர் சொன்னாராம். என்ன திங்கிறார் எண்டு கேட்டு வரச் சொன்னாராம், மத்த நோயாளிகளுக்கும் சொல்லிக் குடுக்க.

— அல்ஹம்துலில்லாஹ். கேட்டீங்களா? இஞ்சால தள்ளுங்க அந்தப் பீங்கான. நான் அப்பவே சொல்லல்லியா?

— அல்ஹம்துலில்லாஹ். என்ட நெஞ்சில இருந்த கல்லு இறங்கிட்டு மாமா. ஆனா இது எப்பிடி எண்டு எனக்கு விளங்கல்ல.

— விளங்க என்ன இரிக்கி? மாடு மருந்து மகன். இந்தக் கிளினிக்குக்காரங்களுக்குத் தெரியாது. நாளையில இருந்து ஒளிச்சித் தின்னத் தேவல்ல. டொக்டர் தந்த குளிசையும் வேணாம், நிப்பாட்டுறன். நடையும் காணும்.

— மாமா, அவசரப்படாதீங்க.

— அவசரம்தான். என்ட கூட்டாளி மசூர் பாவம். நெஞ்ச அறுத்துத் தைச்சிட்டு, கீரைத்தண்ணி குடிச்சிக் குடிச்சி கருவாடாப் போனான். இப்ப அசருக்குப் பள்ளியில கண்டு சொல்லப் போறன். கஞ்சியத் தூக்கி ஊத்துடா, ஜெஸீமுட கடைக்குப் போடா. நான் சொன்னா கேப்பான். ரிப்போட்டே இரிக்கி.

— மசூர் நானாக்கு ஏதும் நடந்தா?

— என்ன நடக்கிற? எனக்கு என்ன நடந்த? சேர்ட்ட எடுத்துத் தாங்க மகன், இப்பவே அவன்ட ஊட்டுக்குப் போறன். அசர் வரைக்கும் பாக்க ஏலா.

— மாமா, இருங்க. வல்லாஹி, இதுக்கு மேல நான் பேசாம இரிக்க மாட்டன். மாமி. மாமி.

— மகன், வாய மூடுங்க.

— என்ன மருமகன்? ஆணம் வேணுமா?

— வேணாம் மாமி. நான் ஒரு பிழை செஞ்சிட்டன். மாமாட கஞ்சிய இவ்வளவு நாளும் நான்தான் குடிச்ச. நீங்க எனக்கு அனுப்பின சோத்த மாமாதான் திண்ட. என்ன மன்னிச்சிக்கங்க. இத இப்ப சொல்லாட்டி மாமா குளிசைய நிப்பாட்டிட்டு, மசூர் நானாயையும் மாடு தின்ன வெக்கப் போறார்.

— முடிஞ்சிது கதை. நல்ல மருமகன் எடுத்தன்.

— மாமி? அழுறீங்களா மாமி?

— அழல்ல மருமகன். சிரிப்பு வருது, அடக்கிக்கிட்டு நிக்கன். பொறுங்க, முந்தானையப் போட்டுக்கிட்டு உள்ளுக்கு வாறன்.

— என்னகா, மாப்பிளைக்கு முன்னால வாறா?

— மாப்பிள எனக்கு மகன்தானே. ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இரிக்காதீங்க. எனக்கு இது எப்பவோ தெரியும்.

— எப்பவோ எண்டா?

— பீங்கான் மாறின அண்டைக்கே. இஞ்சாருங்க, உங்களக் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நீங்க ஒரு நாள் கஞ்சிய முடிச்சதில்ல. காய்ச்சலுக்குத் தந்தாக்கூட பாதிய முருங்க மரத்துக்கு ஊத்துற ஆள். இப்ப கஞ்சிக் கோப்பை வழிச்சித் துடைச்ச மாதிரி அடுப்படிக்குக் கிறுகி வருது. நான் என்ன விசரியா?

— அப்ப ஏன் பேசாம இருந்த?

— ஏசிப் புடுங்கினா நீங்க அதாவுல்லாட கடையில போய்த் திம்பீங்க. இஞ்ச திண்டா மருமகன் உங்கள நடக்கவாவது வெக்கார். நான் எத்தின நாள் கெஞ்சி நீங்க நடந்த? அவர் வந்துதான் உங்கட காலு அசஞ்சிது. அதால வாயப் பொத்திக்கிட்டு இருந்தன்.

— மாமி, தெரிஞ்சிக்கிட்டேயா அனுப்பினீங்க? எனக்கு எத்தின நாள் நித்திர இல்ல தெரியுமா?

— அதுக்கு நீங்க என்ன மன்னிக்கணும் மருமகன். உங்களுக்குச் சொன்னா முகத்தில தெரிஞ்சிரும். உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

— பாத்தீங்களா மகன். தெரிஞ்சும் ஆக்கித் தந்திரிக்கா. ஏனெண்டா அவளுக்கும் விளங்கிட்டு, மாட்டில மருந்திரிக்கி எண்டு. சொல்லு முனவ்வறா, மசூருக்கு நான் போய்ச் சொல்லத்தானே வேணும்?

— போய்ச் சொல்லுங்க, ஆனா சரியாச் சொல்லுங்க: நீங்க மாடெண்டு திண்டது இறைச்சிச் சரக்குப் போட்டு ஆக்கின பிஞ்சுப் பிலாக்காய், நெய்ச்சோறெண்டு திண்டது நெய்யே காட்டாத மஞ்சச் சோறு, மாப்பிளைக்கு வெச்ச கோழியும் நெய்யும் அஞ்சு முட்டையும் அரைச்சிக் கரைச்சி நான் ஊத்தினது கஞ்சிக்குள்ள.