கறுக்க வைக்கும் விளக்கு

— பெட்டிய எதுக்கு திறக்கச் சொல்லுதிய மைனி? படத்தப் பாத்தாலே தெரியுதே. வெள்ளக்காரங்க தொலி கறுக்கதுக்குப் போடுக விளக்குல்லா இது.

— அதேதான் அபினா. துபாய்ல இருந்து வந்தது. ஒனக்க கழுத்துலயும் கையிலயும் உள்ள வெள்ளத் திட்டு கல்யாணத்துக்குள்ள நெறம் மாறணும்னு, ஒனக்கு மாமியாரா வரப்போற எங்க அம்மைக்கு ஒரு ஆசை. கோயில்ல ஒங்க கல்யாணத்த அறிவிச்சு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வாற ஞாயிறு மூணாவது. பொறவு நாளு எங்க கிடக்கு?

— நான் இதுக்க முன்னால இருக்க மாட்டேன்.

— கொஞ்ச நேரம் இருந்து பாரு மக்கா. வெயிலு மாதிரிதான.

— வெயிலு சுட்டா நெழலுக்கு ஓடுவோம். இது சுடுகது அப்பம் தெரியாது, பொறவுதான் எரியும். திட்டுல நெறமே இல்ல, அதுதான் மொதல்ல பொள்ளும். சுத்தி உள்ள தொலி கறுத்து, திட்டு இன்னும் எடுத்துக் காட்டும். கண்ணுக்கும் கேடு. போகப் போக தொலியில கேன்சர் கூட வரலாம்.

— இதெல்லாம் யாரு பறஞ்சா?

— நாகர்கோவில்ல நான் காட்டுக டாக்டர். அவங்களும் லைட்டு வைக்காங்க. அது வேற லைட்டு. கண்ண மூடி, அளந்து, பாத்துப் பாத்து வைப்பாங்க. அதுலயும் நெறம் வரும்னு உறுதி சொல்லல்ல.

— வரல்லண்ணா?

— இப்படியே இருப்பேன். ஈஸ்டர் பூசைக்கு குட்டக் கை சட்டையோடதான மைனி ஏறி வாசகம் வாசிச்சேன்?

— கண்டேன் மக்கா. ஒன்னையேதான் பாத்துட்டு இருந்தேன். எனக்கு மொகத்துல ஒரு பரு வந்தா வெளிய எறங்க மாட்டேன், கேட்டியா. நீ கொள்ளாம்டி, நல்ல தைரியம். எங்க வீட்டுக்கு நீ வாறது எங்க கொடுப்பின. பெட்டிய நானே எடுத்துட்டுப் போறேன்.

— ஒங்க தம்பிட்ட மட்டும் சொல்லாதிய. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே கையக் காட்டினேன். இது ஒரு காரியமே இல்லன்னாரு. அம்மை இப்படிச் செஞ்சான்னு கேட்டா சங்கடப்படுவாரு. ஏன் மைனி மொகத்தத் திருப்புதிய?

— ஒனக்க கிட்ட இனி பொய் சொல்ல முடியல்ல. அம்மைக்கு ஒண்ணும் தெரியாது. துபாய்ல ஆளு வச்சு வாங்கி அனுப்பினது எனக்க தம்பிதான். கல்யாண போட்டோல திட்டு தெரியப்பிடாதுன்னான்.

— ஆன்ட்ரூசா? நான் மாட்டேன்னு சொன்னா?

— கல்யாணத்த தள்ளி வைக்கலாம்னான்.

— தள்ளி வைக்காண்டாம். இப்பமே ஃபாதர்ட்ட போயி மூணாவது ஓலைய வாசிக்காண்டாம்னு சொல்லுகேன்.

— நில்லு மக்கா, நானும் வாறேன். அவனுக்க அக்கா வந்து சொன்னாத்தான் ஃபாதர் நம்புவாரு.