பிரசிடெண்டுக்குப் போட்ட மாலை

— ஏனுங்க அங்கமுத்து வாத்தியாரே, நான் எப்பங்க செத்தேன்?

— அபசகுனமாப் பேசாதீங்க பிரசிடெண்டய்யா. நூறு வருஷம் இருப்பீங்க.

— அப்பறம் எதுக்குங்க எம்படத்துக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, கிளாசுல மாட்டியிருக்குது? எங்கூட்டுக்காரி பாத்துப்போட்டு ஒப்பாரி வெக்காத கொறை.

— ஊர்ப் பெரியவங்க வாழ்க்கையை வெச்சு சரித்திரம் நடத்துறேங்கய்யா. எட்டாவது பசங்க எழுதி மாட்டினது. சரித்திரத்துல வர்றவங்க எல்லாருமே செத்தவங்கன்னு நெனச்சுட்டாங்க. இதுவரைக்கும் புஸ்தகத்துல வந்தவங்க யாரும் உயிரோட இல்லீங்களே.

— உங்களைக் கெங்கவல்லிக்குத் தூக்கியடிக்கச் சொல்றனுங்க, இருங்க.

— எனக்குச் சொந்த ஊரே அதுதாங்க. மூணு வருஷமா மனு போடுறேன். நீங்க சொன்னா நடக்கும்.

— நக்கலுங்களா? நாளைக்குத் திருச்செங்கோட்டு ரிஜிஸ்டர் ஆபீசுல நம்ம பள்ளிக்கூடத்துக்கு நெலம் எழுதிக் குடுக்கறதா இருந்தேன். இனி இல்லீங்க.

— அய்யா, அது மட்டும் வேண்டாங்க. மழை வந்தா அறுபது புள்ளைங்க ஒரே ரூம்புல நிக்குதுங்க, உக்கார எடமில்லாம. மாலையை இப்பவே கழட்டிடறேன். கீழ என்ன எழுதியிருக்காங்கன்னாவது கேளுங்க.

— படிங்க பாக்கலாம்.

— ‘திரு. மருதாசலம் அவர்கள் 1958ஆம் ஆண்டு தம் மாட்டுக்கொட்டகையில், பண்ணையாட்களின் குழந்தைகளுக்காக நம் ஊரின் முதல் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள்.’

— இதை யாருங்க புள்ளைங்களுக்குச் சொன்னது?

— நீங்கதாங்க. வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினஞ்சு, கொடியேத்திட்டு.

— அது மைக்கு முன்னால பேசறதுங்க. எழுதி வெப்பாங்கன்னு யாரு கண்டா?

— பரீட்சைக்கும் வருதுங்க. அஞ்சு மார்க்கு.

— அட சாமி! வாத்தியாரே, அழிச்சுப்போடுங்க. பாடஞ் சொல்லிக் குடுத்தது எங்கக்கா ராமாத்தாளுங்க. ராசிபுரத்துல இருக்குது. அப்ப இருந்தே எங்கூடப் பேசறதில்லீங்க, இருவது வருசத்துக்கு மேல ஆச்சு.

— ஏங்கய்யா?

— அதைப் புள்ளைங்களே கேக்கட்டும். நாளைக்குப் பத்திரத்துல கையெழுத்தைப் போட்டுப்போட்டு வாரேன். எட்டாவது பூராத்தையும் கூட்டியாங்க, ராசிபுரம் போலாம்.

— அந்தம்மாகிட்ட என்ன கேக்கச் சொல்லட்டும்?

— ஆடு மேய்க்கப் பசங்க கெடைக்கலீன்னு, ஒரே மாசத்துல அந்தக் கொட்டாயைப் பூட்டுனது யாருன்னு கேக்கச் சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிக்கறனுங்க. அக்கா கைகாட்டறதுக்கு ஆளு வேணுமல்லொ.