விதை வைக்காத கனகாம்பரம்

— மாமா, அக்காவ மூணாவது தடவ திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு டெஸ்ட் எடுத்துக்கணும். அதச் சொல்லத்தான் குரும்பலூர்லேர்ந்து பஸ் ஏறி வந்தேன்.

— என்ன டெஸ்ட்டு ஷாலினி? சுகர் டெஸ்ட்டா?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. கல்யாணமாகி ஆறு வருசம். புள்ள இல்லைன்னு அக்கா வயித்துல மட்டும் ரெண்டு தடவ துளை போட்டுப் பாத்தாச்சு. உங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

— மெதுவாப் பேசு. கொல்லையில ஆளுங்க பூப்பறிக்குறாங்க. இத உங்கம்மா கேக்கச் சொன்னாங்களா?

— கேக்கவே கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புச்சு. மாப்பிள்ளகிட்ட அந்த வார்த்தைய மட்டும் எடுத்துடாதடின்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பிட்டே வந்துச்சு.

— அவங்களுக்கு இருக்குற வெவரம் உனக்கு இல்ல பாரு. எம்மெஸ்ஸி படிச்சு என்னத்துக்கு ஆச்சு.

— எங்க வூட்டுல மொதமொத காலேஜ் வாசல மிதிச்சவ நான். படிச்சது செடியும் பூவும். அதனால உங்களுக்குத் தெரிஞ்சதுலயே கேக்குறேன். இந்தக் கொல்லை பூரா நிக்கிற டெல்லி கனகாம்பரம் விதை வைக்குமா?

— வைக்காது. குச்சி வெட்டித்தான் நடணும். இது கூடவா தெரியாது?

— ஏன் வைக்காது?

— ஏன்னா? அந்த ரகம் அப்படி.

— நாட்டு ரகம் வைக்குது. காஞ்ச காய்ல தண்ணி பட்டா பட்டுனு வெடிச்சு விதை தெறிக்குது. இதுல குரோமோசோம் ரெண்டு செட்டு இருக்க வேண்டிய எடத்துல மூணு இருக்கு, ஜோடி சேராது. அதெல்லாம் விடுங்க. ஒரு செடி விதை வைக்கலேன்னா எங்க லேப்ல மொதல்ல எதப் பாப்போம், சொல்லுங்க.

— வேர.

— மகரந்தத்த. பூவக் கண்ணாடி மேல தட்டி ஒரு சொட்டு சாயம் விட்டாப் போதும். உசுரு இருக்குற தூள் செவக்கும். செத்தது வெளுத்துச் சுருங்கிக் கெடக்கும். சூலகத்த அறுத்துப் பாக்குறதெல்லாம் அப்புறந்தான். மகரந்தம் பாத்தா செடிக்குக் காயம் இல்ல.

— செடியும் மனுசனும் ஒண்ணா?

— இல்லதான். செடிக்குக் காட்டுற நியாயம் எங்கக்காவுக்கு இல்லியேன்னு கேக்குறேன்.

— என்னடா லியோ, உன் கொழுந்தியா வரப்புல நின்னு பாடம் நடத்துறா?

— ஒண்ணுமில்லம்மா. நீ வூட்டுக்குப் போ.

— போகாதீங்க அத்த. உங்க புள்ளைய ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்றேன்.

— கேட்டுட்டுத்தான் வந்தேன் தாயி. எங்க வூட்டு ஆம்பளைக்குக் கொறன்னு சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்துச்சு? ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நான் மால நேந்திருக்கேன். அவ பாத்துப்பா.

— மாதா பாக்கட்டும். டாக்டரும் பாக்கட்டும்.

— நான் சொல்லல, ஊரு சொல்லுது. உங்கக்காவுக்கு ராசியில்லாத கை. அதான் குச்சி நடுறப்ப அவளக் கிட்ட விடுறதில்ல. புள்ளத்தாச்சி கை வச்சாத்தான் வேர் புடிக்கும். போன ஆடியில எம்மக அனிதா வயித்துப் புள்ளையோட வரதராஜன்பேட்டையிலேர்ந்து வந்து நட்டா. ஒண்ணு சோடை போகல. கண்ணு முன்னால நிக்குது பாரு.

— விதையே வைக்காத செடிய நட புள்ளத்தாச்சி வேணும். நல்லாருக்கு அத்த. இத மலடுன்னு புடுங்கிப் போட்டீங்களா? அரியலூர் பூக்கடையில இதத்தானே மொதல்ல கேட்டு வாங்குறான். இதான உங்களுக்குச் சோறு போடுது.

— மலடின்னு நான் சொல்லல.

— நான் சொல்லல, நான் சொல்லலன்னே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டீங்க.

— ஷாலினி, எங்கம்மாகிட்ட மரியாதையாப் பேசு.

— சரிங்க மாமா. உங்ககிட்டயும் மரியாதையாவே கேக்குறேன். எடுப்பீங்களா, மாட்டீங்களா?

— இந்த ஒரு தடவ அவ போயிட்டு வரட்டும். அதுக்கும் ஆகலேன்னா பாப்போம். அந்த ஆஸ்பத்திரியில நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேரு வேல பாக்குறாங்க. நான் போயி நின்னா மறுநாளே டீக்கடையில பேச்சு வந்துரும்.

— அக்கா படுத்துக் கெடந்தப்ப அந்த ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டாங்களா?

— பொம்பளைங்களுக்கு அதெல்லாம் சகஜம் ஷாலினி.

— போதும் மாமா. இதுக்கு மேல கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல. அக்கா, நெழல் வலைக்குப் பின்னாடி நின்னு கேட்டது போதும். வெளிய வா.

— ஏண்டி சுகன்யா, பையத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்புற?

— குரும்பலூருக்குங்கத்த. இனிமே திருச்சிக்கு நான் வரல. காலையிலயே முடிவு பண்ணிட்டேன். உங்க புள்ள வாய்லேர்ந்து சரின்னு ஒரு வார்த்த வந்தா பைய உள்ள வச்சிடுறேன்னு ஷாலினிகிட்டச் சொல்லியிருந்தேன். வரல.

— சுகன்யா, கோவத்துல எதையும் பண்ணாத. ஆடி பொறக்கப் போவுது. நடவு நேரத்துல நீ இல்லாம எப்படி?

— போவட்டும் விடுடா லியோ. நடவுக்கு இவ எதுக்கு? புள்ள பெத்த கை, அனிதாவையே வரச் சொல்றேன். அது என்னடி, பை உப்பிக்கிட்டு இருக்கு?

— குச்சிங்கத்த. ஈரச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். எங்கம்மா வூட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் கெடக்கு.

— உன் கையால நட்டு அது வேர் விடப் போவுதா?

— அனிதா நட்டது பூராவும் பத்து நாள்ல அழுகிப் போச்சுங்கத்த. தெரிஞ்சா மாசமா இருக்குற புள்ள அழுவுமேன்னு, நீங்க அவளக் கொண்டு விடப் போயிருந்தப்ப அத்தனையையும் புடுங்கிப் போட்டுட்டு நான்தான் திரும்ப நட்டேன். இந்தக் கொல்லையில நிக்கிறது ஒவ்வொண்ணும் என் கை வச்சதுதான். நட ஷாலினி, பஸ் வந்துரும்.