சாக்கு நூல் சுற்றிய ஆணி

ராக்காயி: இந்த நாலுல இரும்புச் சட்டத்துக்கு எதுண்ணே?

மரியரட்ணம்: கொழுந்து கிள்ளுறவளுக்கு இஸ்குரூ எதுக்கு ராக்காயி? ஞாயித்துக்கெழமயும் பேக்டரிப் பட்டறைக்குள்ள வந்து நிக்கிற... ஐயா கண்டா என்னத்தான் ஏசுவாரு.

ராக்காயி: ஏசட்டும். தலவாக்கலக் கடையில வகைக்கு ஒண்ணா வாங்கியாந்தேன். நீங்கதான பிட்டரு... சொல்லுங்க.

மரியரட்ணம்: எதுக்குன்னு மொதல்ல சொல்லு.

ராக்காயி: கோழிக்கூட்டுக்கு. தகரம் போடணும்.

மரியரட்ணம்: கோழிக்கூட்டுக்கு இரும்புச் சட்டமா? யானையா வளக்குற?

ராக்காயி: ...புள்ள மடுவத்துக்கு.

மரியரட்ணம்: ஓ.

ராக்காயி: போன வாரம் காத்துல ஒரு தகரம் விழுந்துச்சில்ல. மிச்சம் பதினொண்ணும் ஆடுது. நாங்க மலைக்குப் போனா இருபத்திரண்டு புள்ளைங்களும் அதுக்குக் கீழதான் கெடக்குதுங்க.

மரியரட்ணம்: அது தோட்டத்து வேல. வேலைய ஏவுற கண்டாக்கையாகிட்ட...

ராக்காயி: சொல்லியாச்சு. காத்து முடியட்டும் பாப்போம்னாரு. காத்து முடிஞ்சப்புறம் ஆணி எதுக்குன்னு கேட்டேன். காலைல ஆளெடுக்குற பெரட்டுல அத்தன பேரும் சிரிச்சிட்டாங்க.

மரியரட்ணம்: வாய் இருக்கே ஒனக்கு... சரி, கொண்டா. இது லயத்துக் கூரைக்கு அடிக்கிற கொடை ஆணி. மரத்துக்குத்தான். தள்ளு. இதப் பாரு, புரி நெருக்கமா இருக்கா? இதுதான் இரும்பப் புடிக்கும். தொறப்பணத்தால சின்னதா தொளை போட்டு முறுக்குனா, இரும்ப வெட்டிக்கிட்டே எறங்கும்.

ராக்காயி: இந்த மூணாவதும் அதே மாதிரிதான இருக்கு?

மரியரட்ணம்: நீளம் பத்தாது, கட்டை அது. தகரத்தோட மேட்டுல போடணும். பள்ளத்துல போட்டா ஒழுகும். மேடே முக்கா இஞ்சி. அதத் தாண்டி இரும்பப் புடிக்க ரெண்டு இஞ்சி நீளம் இருக்கணும்.

ராக்காயி: ரெண்டு இஞ்சி. தலைக்குக் கீழ?

மரியரட்ணம்: ரப்பர் வாசர். இல்லாட்டி லொறி டியூப வெட்டிக்கலாம். ரப்பர் பிதுங்குற மாதிரி முறுக்கிறாத.

ராக்காயி: எத்தன வேணும்?

மரியரட்ணம்: தகரத்துக்கு எட்டு... நூறு வாங்கிக்க.

ராக்காயி: எங்கூடக் கொழுந்து கிள்ளுற லெட்சுமி வெளிய நிக்கிறா. அடுத்த பஸ்ஸுல போயி வாங்கியாந்துருவா. நாளக்கிப் பெரட்டுக்கு முந்தி முடியணும்.

மரியரட்ணம்: யாரு ஏறுறது?

ராக்காயி: அத அப்புறம் பேசலாம். இந்த நாலாவது என்னண்ணே?

மரியரட்ணம்: மர இஸ்குரூ. புரி அகலம், முனை கூரு. இரும்புல ஓட்ட போட்டு இத விட்டா சும்மா நிக்கும். காத்து ஆட்ட ஆட்டக் கழண்டு வந்துரும். துருவேற இருக்கு, கடைக்காரன் பழச எதுக்குக் குடுத்தான்... இதென்ன, நூலா?

ராக்காயி: சாக்கு நூல் மாதிரி இருக்கு.

மரியரட்ணம்: இப்படிக் குடு, பாப்போம்.

ராக்காயி: நூல் எதுக்குண்ணே சுத்துறாங்க?

மரியரட்ணம்: மரத்துல ஓட்ட பெருசாயிட்டா... இறுக்கமா நிக்கட்டும்னு.

ராக்காயி: இரும்புல?

மரியரட்ணம்: இத எங்க எடுத்த?

ராக்காயி: ரோட்டுல கெடந்துச்சு.

மரியரட்ணம்: பொய் சொல்லாத புள்ள.

ராக்காயி: நீங்க மொதல்ல உண்மையச் சொல்லுங்க.

மரியரட்ணம்: ...மடுவத்துக்கு ஸ்டோர்ல இந்த மர இஸ்குரூவத்தான் குடுத்தாங்க. தோட்டத்துல எல்லாக் கூரையும் மரச்சட்டம். மடுவம் ஒண்ணுதான் பழைய பேக்டரியில கழட்டுன இரும்பு. மறுநாள் தோட்டத் தொரை மடுவத்தத் தெறக்க வாறாரு, ராவுக்குள்ள முடின்னாங்க. வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. ஒவ்வொண்ணுலயும் நாந்தான் நூல் சுத்துனேன்... கண்டாக்கையாகிட்ட சொல்லப் போறியா?

ராக்காயி: சொல்லணும்னா போன வாரமே சொல்லியிருப்பேன். இது ரோட்டுல கெடக்கலண்ணே. தொட்டில்ல எம்புள்ள கன்னத்துல விழுந்துச்சு. வீல்னு கத்துனான். மடுவத்து ஆயா ஓடியாந்து தூக்குனா. அதுக்கப்புறந்தான் அந்த வெறுந் தொட்டில் மேல தகரம் எறங்குச்சு... தொறப்பணத்த எடுத்துக்கிட்டு வாங்க. ஏணிய நாங்க நாலு பொம்பளைங்க புடிச்சிக்கிறோம்.