சிங்கம் நேராக நின்ற காசு

“சான்றிதழ்ல என் பேரும் வரணும் சார்.”

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியதைத்தான் கேட்டேன். பெங்களூரு மர்பி டவுனில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கா படித்தேன்?

டெஸ்மண்ட் சார் லிங்கராஜபுரத்தில் தன் வீட்டு முன்னறையில் நாணயங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுப்பவர். காசை மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மறுபக்கமும் நேராக நின்றால் சாதாரணக் காசு. சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அச்சு திரும்பிய பிழை. சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான். விவரம் தெரியாதவர்கள் மேலிருந்து கீழாகப் புரட்டிவிட்டு, நல்ல காசையே பிழை என்று கொண்டுவருவார்கள்.

மூன்று வருடமாக சாருக்குப் பார்வை இல்லை என்பது எனக்கும் அவர் மனைவி மௌரீன் ஆன்ட்டிக்கும் மட்டும் தெரியும். நான் பார்த்துச் சொல்வேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

“உன் பேரா? காசு தொடைக்கிற பொண்ணு பேரைப் பார்த்தா எவன்மா நம்புவான்?” என்றார். கோபமாகக்கூட இல்லை.

நாணயச் சங்கத்தின் கண்காட்சிக்கு, பார்வை இருந்த காலத்தில் கண்டெடுத்து அவர் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த இரண்டு ரூபாய்க் காசை எடுத்து வைக்கச் சொன்னார். திருப்பினால் சிங்கம் பக்கவாட்டில் படுத்திருக்கும். அதே வருடத்துச் சாதாரணக் காசை உறையில் போட்டேன். அசலை என் பையில் போட்டுக்கொண்டேன்.

சங்கத் தலைவர் ஸ்ரீகண்டன் மேடையில் திருப்பிப் பார்த்தார். “சிங்கம் நேராத்தானே நிக்குது டெஸ்மண்ட்? தோசை மாதிரி புரட்டிப் பார்த்துட்டீங்களா?”

ஹால் முழுக்கச் சிரித்தது. சார் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “கிருத்திகா, நீ பார்த்தியேம்மா. சொல்லு.”

“நான் தொடைக்கிறவ சார். எனக்கென்ன தெரியும்?”

அதன்பின் அவர் முன்னறைக்கு வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். இருபத்திரண்டாம் நாள் போய்விட்டார். டாக்டர் இதயம் என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

இன்று அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவர் தப்பா பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு கண்ணு. அது போதும் எனக்கு.”

அசல் காசு என் பையில்தான் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து சங்கத்தின் சான்றிதழ்களில் என் பெயர் வரப்போகிறது. சாரிடம் தொழில் பழகியவள் என்று கூப்பிட்ட ஸ்ரீகண்டனிடம் போன வாரமே சரி என்று சொல்லியிருந்தேன்.

“வயசாயிடுச்சில்ல ஆன்ட்டி” என்றேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, செருப்பை மாட்டித் தெருவில் இறங்கினேன். சாருக்கு எழுபத்தாறு வயது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை.