குப்பைக் கோப்பில் நாற்பதாயிரம் பேர்

மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர் ஐயா அவர்களே, பேராசிரியர்களே, மறைந்தவரின் துணைவியார் அவர்களே, மாணவப் பிள்ளைகளே, தினமும் என்னோடு காலை ஐந்து மணி பஸ்ஸில் வந்து இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம்மை விட்டுப் போன பேராசிரியர் ஐயாவிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள் என் பேத்தி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மூன்று வீடுகளில் சமையல் செய்கிறேன். இந்த நகரத்து பஸ்ஸில் ஏறும்போது தட்டுகிற கார்டுகளின் கோடிக்கணக்கான பதிவுகளை வைத்து, நாளைக்கு யார் எங்கிருந்து எங்கே போவார்கள் என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைப்பதுதான் அவள் வேலை. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சரியாகச் சொன்னது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது, சோதனைக்கு என் கார்டையும் போட்டுப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "பாட்டி, நீ குப்பையில கிடக்குறே!" கணக்குக்கு ஒத்து வராத கார்டுகளைப் பிழை என்று ஒதுக்கும் கோப்புக்குக் குப்பை என்று பெயராம். மறுநாள் ஐயாவிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஐயா சிரிக்கவில்லை. மாலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, நாளைக்கு உங்களோட நானும் வரட்டுமா?"

"சமைக்கவா?" என்றேன்.

"பஸ்ஸுக்கு மட்டும்மா."

வந்தார். எத்தனை பேராசிரியர்கள் இப்படி வந்திருப்பார்கள்? முதல் வீட்டுக்கு ஐந்து மணி பஸ். இரண்டாவது வீட்டுக்கு நடந்தே போனோம். அங்கிருந்து மூன்றாவது வீட்டுக்கு பஸ். வழியில் எங்கள் தெருமுனையில் பஸ் நிற்கும்போது, ஜன்னல் வழியாகக் கார்டை என் மகளிடம் கொடுப்பேன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகிறவள் அவள். எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறிவிடுவாள். வீட்டுக்கு ஒரே கார்டு! மேற்கே போகும் ஆள் அடுத்த நிமிடமே கிழக்கே ஏறினால் கம்ப்யூட்டர் என்ன செய்யும் பாவம்!

அன்று கார்டை நீட்டும் வேலையை ஐயாவே கேட்டு வாங்கிக்கொண்டார். கை நழுவி ரோட்டில் விழுந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று எழுந்துவிட்டார்.

"பெரியவரே, இறங்கப் போறது நீங்களா, உங்க கார்டா?" என்றார் கண்டக்டர்.

மகள் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். "அம்மா, இனிமே படிச்சவங்ககிட்ட குடுத்து விடாதே!" பஸ்ஸே சிரித்தது. ஐயாவும் சிரித்தார்.

ஆனால் அன்றே பேத்தியிடம், குப்பையில் இருக்கும் நாற்பதாயிரம் கார்டையும் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். ஒரு வருட வேலை. அவள் அழுதாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன் போட்டேன்.

"என்னைக் கணக்குல சேர்க்காட்டி என்ன குறைஞ்சிடும்? பொண்ணு பட்டத்தை வாங்கிட்டுப் போகட்டும், விடுங்க."

"நீங்க கணக்குல வரலேன்னா, அஞ்சு மணி பஸ்ல ஆளே இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லும்மா. சொன்னா பஸ்ஸை நிறுத்திடுவாங்க. அப்புறம் எதுல போவீங்க?"

நான் போனை வைத்துவிட்டேன். எட்டு மாதம் ஐயா அவளோடு உட்கார்ந்து இருபத்தாறாயிரம் கார்டுகளைப் பார்த்தார். போன மாதம் மாரடைப்பு.

சென்ற வாரம் துறைத் தலைவர் ஐயா என் பேத்தியைக் கூப்பிட்டு, "பழைய கணக்கையே வச்சு சமர்ப்பிச்சிடும்மா, பட்டம் கிடைச்சிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் என்னிடம் வந்து கேட்டாள். நான் சொன்னேன்: "உனக்குப் பட்டம் வேணும், எனக்கு பஸ் வேணும். ரெண்டும் கிடைக்கிற வழியைப் பாரு."

அவள் சமர்ப்பிக்கவில்லை ஐயா, மன்னிக்க வேண்டும். இன்னும் பதினாலாயிரம் கார்டு பாக்கி. பின்வரிசையில் இருக்கும் நாங்கள் ஏழு பேரும் எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம், கார்டு யார் கைக்குப் போகிறது என்று தினமும் அவளுக்குச் சொல்வதாக இந்தச் சபை முன் உறுதி சொல்கிறோம். எங்களைப் போன்றவர்களைத் தேடி பஸ் பஸ்ஸாக அவளோடு வருவோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அவள் அதை முடித்துக் கொண்டுவரும் நாளில், யார் கையெழுத்துப் போட்டாலும், முதல் பக்கத்தில் வழிகாட்டி என்ற இடத்தில் மறைந்த பேராசிரியர் ஐயாவின் பெயர் இருக்க வேண்டும். தலைவர் ஐயா, சரியென்று இப்போதே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.