திருமுழுக்குப் பதிவேட்டில் நான் சுரண்டிய கோடு

பெயர்: செல்வதுரை. வயது: 63. தகப்பனார்: சவரிமுத்து (காலஞ்சென்றவர்). முகவரி: கிழக்குத் தெரு, எம்.ரெட்டியபட்டி, விருதுநகர் மாவட்டம். தொழில்: கத்தோலிக்கக் கோவில் உபதேசியார்.

நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். 1986 முதல் எங்கள் பங்குக் கோவிலில் உபதேசியாராக இருந்து, பதிவேடுகளை எழுதி வருகிறேன். எங்கள் பங்கில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. அங்குள்ள மரிய கொறற்றி என்பவரை அவர் பிறந்த நாள் முதல் எனக்குத் தெரியும். அவர் 1987 ஜூலை 6-ஆம் தேதி முகாமில் பிறந்தார். அன்று மரிய கொறற்றி என்ற புனிதையின் திருநாள் என்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். அவருடைய திருமுழுக்குப் பதிவை அப்போதைய சாமியார் சொல்ல நான்தான் எழுதினேன். அக்கால வழக்கப்படி மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினேன்.

கடந்த பிப்ரவரியில் பங்குத்தந்தை ஆலன் அவர்கள் முகாம் மக்களின் குடியுரிமை மனுக்களுக்காக ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு வக்கீலை வரவழைத்தார்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியர் என்றும், பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்குத் திருமுழுக்குச் சான்று உதவும் என்றும் வக்கீல் சொன்னார். கொறற்றியும் வந்தார். அவருடைய தாயார் மன்னாருக்குத் திரும்பிப் போய்ச் சிறுநீரகக் கோளாறில் படுத்திருந்தார். குடியுரிமை இல்லாமல் வெளியேறும் அனுமதி மட்டும் வாங்கிப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று முகாமில் பேசிக்கொண்டார்கள். கொறற்றியின் கணவர் பெயிண்ட் அடிக்கும் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவரும் அருப்புக்கோட்டையில் படிக்கிறார்கள். வக்கீல் அவருடைய விவரத் தாளில் தேதியைப் பார்த்துவிட்டு, "ஆறு நாள் பிந்திருச்சேம்மா, இது நிக்காது" என்று தாளைத் தனியே வைத்தார். கொறற்றி அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். அன்று கோவில் கூட்டும் முறை முகாமில் அவருடைய வீட்டு வரிசைக்கு உரியது. எப்போதும்போல் பீடம் வரை கூட்டி முடித்துவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகு வந்த செவ்வாய்க்கிழமை மதியம், சாமியார் நரிக்குடிப் பக்கம் பூசைக்குப் போயிருந்தபோது, நான் பதிவேட்டை எடுத்து, கொறற்றியின் பிறந்த தேதியில் ஏழாம் மாதத்தைக் காட்டும் ரோமன் எண்ணின் கடைசிக் கோட்டை பிளேடு முனையால் சுரண்டி எடுத்தேன். அதனால் ஜூலை ஜூன் ஆயிற்று. அந்த இடத்தில் தாள் மெலிந்து பின்பக்க எழுத்து தெரிந்தது. நகத்தால் தேய்த்து விட்டேன். அதன்பிறகு அந்தத் தேதிக்குச் சான்று எழுதி, முகாமில் மனு கொடுக்கும் மற்றப் பதினோரு பேரின் சான்றுகளோடு வைத்துச் சாமியாரிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். "நீங்க பாத்துட்டீங்கள்ல?" என்று கேட்டார்கள். "பாத்துட்டேன் சாமி" என்றேன். வாசிக்காமல் கையெழுத்திட்டார்கள்.

கொறற்றியிடம், பழைய கணக்கில் தவறு இருந்தது, உன் தேதி ஜூன்தான் என்று சொன்னேன். அவர் நம்பினார். மன்னாருக்குப் போன் போட்டு, "அம்மா, வாறன்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதன்பிறகு ஆகஸ்ட் மாதம் மனுக்களை விசாரித்த அதிகாரி, ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்கு அனுப்பும் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்கினார். அதில் ஜூலை என்று இருந்தது. சாமியார் இரண்டையும் மேசையில் விரித்து வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். "உபதேசியாரே, இது யாரு செஞ்சது?" என்றார்கள். நான்தான் என்றேன். பதிவேட்டை மூடினார்கள். பிறகு, "உண்மையான தேதி ஒண்ணுதான் அந்தச் சனத்துக்காக நாம காட்டக்கூடியதா இருந்துச்சு" என்றார்கள். அதன்பிறகு, அந்தப் பதிவேட்டை நம்பமுடியாது என்று மற்றப் பதினோரு பேரின் மனுக்களும் நிறுத்தி வைக்கப்பட்டதாக வக்கீல் தெரிவித்தார்.

மறுநாள் கொறற்றி என் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏன் என்னட்டக் கேக்கேல்ல?" என்றார். "கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப" என்றேன். "ஓம், சொல்லியிருப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி ராஜாத்தி வைத்த காப்பியைத் தொடவில்லை. அதன்பிறகு அவர் எங்கள் கோவிலுக்கு வருவதில்லை. அவர் தாயார் உயிருடன் இருப்பதாக முகாமில் சொன்னார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இந்தச் செயலை நான் ஒருவனே செய்தேன். எவரிடமும் எதுவும் பெறவில்லை. சாமியாருக்கும் கொறற்றிக்கும் இது அப்போது தெரியாது. மற்றப் பதினோரு பேரின் பதிவுகள் உள்ள பக்கங்களில் நான் கை வைக்கவில்லை. அவை எழுதிய அன்று இருந்தபடியே இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அதிகாரிகள் அவ்வாறு பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோரிக்கையையும் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதும்படி நான் சொன்னேன், எழுதப்பட்டது.

மேலே எழுதியவை அனைத்தும் என் வாயால் சொன்னவை, உண்மையானவை. எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ச. செல்வதுரை